அனுபவப் பகிர்வு: பிறர் எடுத்த படத்துக்கு நாம் சொன்ன கருத்தும் அதனால் விளைந்ததும்

நல்லூரிலிருந்து ஓர் உறுப்பினர்

பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் ஒருவர் தமது படத்தைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் வடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கமெராவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களோ, வெளிச்சம் கூடிவிட்டது, முக்கியமானதை நடுவில் வைக்காமல் மூன்றிலொரு பங்குக் கோட்டில் வைக்கும் மூன்றிலொரு பங்கு விதி பிழைத்துவிட்டது என்று தீர்ப்பை மட்டும் வழங்குகிறார்கள். இரண்டினாலும் படம் எடுத்தவருக்குப் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம். அடுத்த முறை அதே இடத்தில் நிற்கும்போது எந்தப் பக்கம் நகர்வது, எந்த அமைப்பை மாற்றுவது என்பது அவருக்கு விளங்கும் அளவுக்கு நம் கருத்து குறிப்பானதாக இருக்க வேண்டும். அதைச் சொல்வதற்கு முன், அவர் எதைக் காட்ட விரும்பினார் என்பதைக் கேட்டறிய வேண்டும். இதன் அருமையை எனக்கு நன்றாக உணர்த்தியது மயிலிட்டியில் எடுக்கப்பட்ட ஒரு படம்.

யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள மயிலிட்டியின் மக்கள் போரினால் 1990 இல் இடம்பெயர்ந்தவர்கள். துறைமுகத்தை அண்டிய காணிகள் 2017 யூலையில்தான் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டன. தம் வீடு இருந்த வளவைப் பார்க்கச் சென்ற அம்மா ஒருவர், அங்கே கைப்பேசியில் எடுத்த படமொன்றை படம் எடுப்பவர்கள் கூடும் எங்கள் சிறு வட்டத்தில் காட்டினார். கூரையற்ற சுவர்கள், அவற்றினூடே வளர்ந்து நிற்கும் மரம், இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட கிணற்றுக்கட்டு, முன்புறத்தில் படத்தின் அரைப்பங்குக்கு மேல் வெறும் பற்றை. முன்புறத்தை வெட்டிவிட்டு மரத்தையும் சுவரையும் மட்டும் வைத்துக்கொண்டால் படம் நன்றாக இருக்கும் என்று ஓர் இளைஞர் மரியாதையாகவே சொன்னார். அமைப்பை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையில்லை. நான் அந்த அம்மாவிடம், இவ்வளவு பின்னுக்கு நின்று எடுத்ததற்குக் காரணம் ஏதும் உண்டா என்று கேட்டேன். பற்றை மூடியிருக்கும் அந்த இடத்தில்தான் தம் வீட்டின் தலைவாசல் இருந்தது என்றும், தகப்பனார் வலைகளைச் சீர்செய்துகொண்டு இருப்பது அங்கேதான் என்றும், மற்றச் சுவர்களை விட அந்த இடமே தமக்கு முக்கியம் என்றும் அவர் சொன்னார்.

அதன் பிறகு எங்கள் பேச்சு முழுவதும் மாறிவிட்டது. முன்புறத்தை வெட்டுவது என்ற கதைக்கே இடமில்லை. அந்த முன்புறம் பார்ப்பவருக்கும் ஏதாவது சொல்லும்படி செய்வது எப்படி என்பதே கேள்வியாயிற்று. பற்றையைச் சற்று விலக்கிச் சீமெந்துத் தரையின் விளிம்பை வெளியே தெரியவிடலாம். காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சென்றால் அந்த விளிம்பு தன் நிழலாலேயே துலங்கும். சில அடிகள் இடப்பக்கம் நகர்ந்தால் கிணறு முழுமையாகப் படத்துக்குள் வரும். அவர் மறுபடி சென்று எடுத்துவந்த படத்தில் தரையின் கோடு தலைவாசலின் வடிவத்தைச் சொல்லியது. முதல் யோசனையைச் சொன்ன இளைஞரே அந்தப் படத்தை மிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு வகையான படம் எம்மிடையே அடிக்கடி வரும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அல்பங்களை வீட்டிலேயே விட்டுச்சென்ற குடும்பங்கள் பல. உறவினர் வீட்டில் எஞ்சியிருந்த ஒரே படத்தைக் கைப்பேசியால் படியெடுத்துக்கொண்டு வருபவர்களிடம் அமைப்பு, வெளிச்சம் என்று எதுவும் பேசத் தேவையில்லை. கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, விறாந்தை நிழலில் யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படத்தைத் தட்டையாக வைத்து, கைப்பேசியைச் சரிக்காமல் நேர்மேலே பிடித்து எடுங்கள் என்று மட்டும் சொல்வேன். அவர்களுக்கு வேண்டியதும் அவ்வளவே.

படம் தெளிவில்லை என்று மட்டும் சொல்வதும் அரைகுறையான கருத்துத்தான், ஏனெனில் தெளிவின்மைக்குக் காரணம் ஒன்றல்ல. கொக்குவிலைச் சேர்ந்த தம்பி ஒருவர் அந்தி வேளையில் எடுத்த காவடிப் படங்களைக் கொண்டுவந்து, தம் லென்ஸ் சரியில்லை என்று பலர் சொல்வதால் புதிதாக ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னார். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது என்று பொருள். ஆடுபவருக்குப் பின்னால் நிற்பவரின் முகம் கூர்மையாக இருந்தால் போக்கஸ் தவறிப் பின்னே சென்றிருக்கிறது. அவருடைய படங்களிலோ தெருவும் மின்கம்பமும் வெகு தெளிவாக இருந்தன; ஆடியவர் மட்டுமே கலங்கியிருந்தார். கோப்பில் பதிவாகியிருந்த விபரங்களைப் பார்த்தபோது, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100 இலும், ஒளி உள்ளே வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டர் செக்கனில் 60 இல் ஒரு பங்கிலும் இருந்தது தெரிந்தது. ஐஎஸ்ஓவை 1600 வரை உயர்த்தி, ஷட்டரை 500 இல் ஒரு பங்குக்கு அருகில் கொண்டுவந்து அடுத்த திருவிழாவில் எடுத்துப் பாருங்கள், லென்ஸ் வாங்குவதை அதன்பின் யோசிக்கலாம் என்றேன். படத்தில் கொஞ்சம் மணல்மணலாகத் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அவர் இன்றுவரை அதே லென்ஸுடன்தான் எடுக்கிறார்.

நம் ஊரின் வெயிலும் காற்றும் தெரியாமல் பொது விதிகளை ஒப்புவிப்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும். கடற்கரையில் நின்று ஏற்றும் பட்டங்கள் ஊர்ப்பக்கமாகத் தென்மேற்கே எழும். பிற்பகல் சூரியனும் அதே திசையில்தான் நிற்கும். எனவே அங்கே எடுத்த படங்களில் பட்டம் கறுத்துப் போவது எடுத்தவரின் கவனக்குறைவால் அன்று. பிரகாசமான வானத்தைக் கண்ட கமெரா, காட்சி முழுவதையும் நடுத்தர வெளிச்சத்துக்கு இறக்குகிறது. பல்கலைக்கழக மாணவி ஒருவரிடம், திரையில் பட்டத்தின் மீது தொட்டு வெளிச்சத்தை மேலே தள்ளிப் பாருங்கள், வானம் வெளிறினாலும் பரவாயில்லை, கடதாசியினூடே வெயில் வந்து நிறங்கள் ஒளிரும் என்று சொன்னேன். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் அவரால் அங்கே ஒரு பட்டத்தையும் எடுத்திருக்க முடியாது.

சித்திரைப் புத்தாண்டையொட்டிய நாட்களில் நண்பகல் 12.10 அளவில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்துவிடுவதால், அந்நேரத்துப் படங்களில் கண்கள் நிழற்குழிகளாகிவிடும். ஆட்களை மரத்தடிக்கு அழைத்துச் சென்று எடுங்கள் என்ற ஒரு வரியே அதற்குப் போதும்.

கடைசியாக ஒன்றைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். சாமத்தியவீட்டுப் படங்களில் கைப்பேசியின் அழகூட்டும் அமைப்பு பிள்ளையின் முகத்தை வெளுப்பாக்கி, கழுத்தையும் கையையும் அப்படியே விட்டுவிடுகிறது. அப்படியொரு படத்தின் கீழே பிள்ளையின் நிறத்தைப் பற்றியே சிலர் எழுதியிருந்தார்கள். படத்தில் இருப்பவரின் உடலைப் பற்றிப் பேசுவது படத்தைப் பற்றிய கருத்தாகாது. அதை எடுத்த மாமா முறையானவரைத் தனியே அழைத்து, முகத்தின் நிறத்துக்கும் கையின் நிறத்துக்கும் இடையில் தெரியும் வேறுபாட்டைக் காட்டி, அந்த அமைப்பை அணைத்துவிட்டு வாசல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பிள்ளையின் தாயார் சட்டமிடுவதற்குத் தேர்ந்தெடுத்தது அந்தப் படத்தையே.

பருத்தித்துறையிலிருந்து ஓர் உறுப்பினர்

நான் பாடசாலை ஆசிரியை. வயதில் மூத்தவர்களின் படங்களுக்குக் கருத்துச் சொல்வது எனக்கு மாணவர்களுக்குச் சொல்வதைவிடக் கடினமாக இருக்கிறது என்பதால் இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் எங்கள் அயலில் இருக்கிறார். மாரிகாலத்தில் நம் களப்புகளுக்கு வரும் பூநாரைகளை எடுப்பதில் அவருக்குப் பெரும் ஈடுபாடு. அவர் காட்டிய படங்கள் யாவற்றிலும் பறவைகள் கூட்டமாக எழும்பிப் பறந்துகொண்டிருந்தன. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அவர் மிக அருகில் நடந்து சென்றதனாலேயே அவை கலைந்து பறந்தன என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் பலர் முன்னிலையில் அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு அவர் வீட்டுக்குச் சென்றபோது, ஐயா, தலையைக் கவிழ்த்துச் சொண்டைத் தண்ணீருக்குள் வைத்து அவை மேயும் படம் உங்களிடம் இருக்கிறதா, மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். சொண்டைத் தலைகீழாக வைத்து நீரை வடித்து உண்பது அப்பறவையின் தனித்தன்மை; அந்தப் படம் உண்மையாகவே எனக்குத் தேவைப்பட்டது. இல்லை என்றார், கொஞ்ச நேரம் யோசித்தார், கிட்டப் போனால் அவை எழும்பிவிடுகின்றனவே என்று அவரே சொன்னார். வாகனத்தை வீதியோரம் நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே காத்திருந்தால் பறவைகள் அவ்வளவாக அஞ்சுவதில்லை என்ற செய்தியை அப்போதுதான் சொன்னேன். அதன் பின் அவர் எனக்கு அனுப்பிய படங்களில் பறவைகள் சிறிதாகத்தான் தெரிகின்றன, ஆனால் அமைதியாக மேய்கின்றன. மாணவர்களுக்கு நான் காட்டுவது அவற்றையே.

சாவகச்சேரியிலிருந்து ஓர் உறுப்பினர்

நீண்ட காலமாக ஸ்ரூடியோ நடத்துபவன் என்ற முறையில் நல்லூர் உறுப்பினரின் கருத்தோடு ஓரிடத்தில் முரண்படுகிறேன். எடுத்தவரின் நோக்கத்தைக் கேட்பது நல்லதுதான். ஆனால் படத்தைப் பார்க்கப்போகிறவர்களுக்குப் பக்கத்தில் எடுத்தவர் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அந்த அம்மாவின் முதற்படத்தில் தலைவாசல் இல்லை. அவர் சொன்ன பிறகுதான் அது உங்களுக்குத் தெரிந்தது. நோக்கத்தை முதலிலேயே கேட்டுவிட்டால், படத்தில் இல்லாததையும் இருப்பதாக நாமே நினைத்துக்கொண்டு பாராட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. என் கடைக்கு வரும் இளைஞர்கள் சிலர், யாழ்ப்பாண நகரை அண்டிய பண்ணைக் களப்புக் கடலின் சாய்ந்துபோன அடிவானத்தைக்கூட வேண்டுமென்றே சாய்த்தேன் என்பார்கள். களப்பின் நீர்மட்டம் கோடு கிழித்தாற்போல் இருப்பதால் அங்கே சிறு சரிவுகூட உடனே கண்ணில் படும். அதை நேராகச் சொல்லிவிடுவதுதான் அவர்களுக்குச் செய்யும் உதவி.

இன்னொன்று, கருத்துச் சொல்வதற்கு முன் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, எடுத்த விபரங்களும் நீக்கப்பட்டே வந்து சேரும். அப்படி வந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கமெரா கூர்மையாக இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆவணமாக அனுப்பச் சொன்னால் உள்ளது உள்ளபடி வரும்.

நல்லூரிலிருந்து, மறுமொழியாக

சாவகச்சேரி ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நோக்கத்தைக் கேட்பதற்கு முன், நான் பார்த்ததை நான் பார்த்தபடியே முதலில் சொல்லிவிடுவது உங்கள் ஐயத்தைத் தீர்க்கும் என்று நினைக்கிறேன். என் கண் முதலில் மரத்துக்குப் போயிற்று, பிறகு சுவருக்கு, முன்புறத்தில் எதுவும் இல்லை என்று எண்ணினேன் என்று சொல்லிவிட்டு, நீங்கள் எதைக் காட்ட நினைத்தீர்கள் என்று கேட்டால், அவர் நினைத்ததற்கும் நான் கண்டதற்கும் இடையே உள்ள தூரம் அவருக்கே விளங்கிவிடும். அதைக் குறைப்பதற்கான வழியைத்தான் பிறகு இருவரும் சேர்ந்து தேட வேண்டும்.

எனினும் சாய்ந்த அடிவானம் எப்போதும் பிழை என்பதை நான் ஏற்கவில்லை. கொழும்பில் வாழ்ந்த படக்கலைஞர் லயனல் வென்ட் (1900–1944), வழமையான முறையில் பார்த்தால் இருட்டறைப் பிழை என்று ஒதுக்கப்படக்கூடிய வெளிச்சமும் இருளும் ஓரளவு இடம்மாறித் தெரியும் ஒளித் தலைகீழாக்கத்தையும், பல படங்களை ஒன்றாக்கும் முறையையும் தெரிந்தே கையாண்டவர். வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லும் இளைஞரிடம், அப்படியானால் நேராக எடுத்த ஒன்றையும் கொண்டுவாருங்கள், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம் என்று கேட்கலாம். உண்மையிலேயே தெரிந்து செய்தவராக இருந்தால் அவரிடம் இரண்டும் இருக்கும்.

மூலக் கோப்பைப் பற்றிய யோசனை மிகவும் பயனுள்ளது. அச்சிடும்போதும் அது உதவும். 6 அங்குலத்துக்கு 4 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் அச்சிட 1800க்கு 1200 படப்புள்ளிகள் போதும். 12 அங்குலத்துக்கு 8 அங்குலம் என்றால் 3600க்கு 2400 வேண்டும். பெரிதாக அச்சிட வருபவர்களிடம் இந்தக் கணக்கை முதலிலேயே சொல்கிறீர்களா, அல்லது சிறிதாக ஒன்றை அச்சிட்டுக் காட்டிவிட்டுப் பேசுகிறீர்களா என்பதை அறிய விரும்புகிறேன்.