பழியை அப்பாவிடமிருந்து அம்மாவுக்கு மாற்றிய நாவல்

என்னை ஏமாற்றியது ஒரு நாவல். பாதாள உலகின் அரசன் ஹேடீஸ் கடத்திப்போன பெர்செபொனியின் கிரேக்கப் புராணக் கதையை இந்தக் காலத்துக்கு மாற்றி எழுதியது. அட்டையில் பிளந்த மாதுளை, கறுப்பின் மேல் தங்க எழுத்து, பார்த்ததும் வாங்கிவிட்டேன். பெயர் வேண்டாம். அதே அச்சில் வார்த்த இன்னும் மூன்றைப் பிறகு படித்தேன், ஒன்றை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

ஹேடீஸ் அதில் கண்ணாடிக் கோபுரத்தின் உச்சியில் வாழும் தொழிலதிபர். ஊரே அவரைக் கண்டு நடுங்கும், அவளிடம் மட்டும் குழைவார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பெர்செபொனியின் அம்மாவான பயிர்த் தெய்வம் டிமிட்டரை, மகளின் கைப்பேசியைச் சோதிக்கும், வாசலைத் தாண்டவிடாத கொடுமைக்காரியாக ஆக்கியிருந்தார்கள். அந்தப் பெண்ணை யாரும் கடத்தவில்லையாம், அம்மாவிடமிருந்து அவளே தப்பித்து ஓடினாளாம்! காசு கொடுத்த பாவத்துக்காகக் கடைசிப் பக்கம் வரை படித்தேன்.

இந்தக் கதையைச் சொல்லும் பழைய கிரேக்கப் பாடலான, டிமிட்டருக்கான ஹோமரியத் துதிப்பாடலை அதற்கு முன்பே மொழிபெயர்ப்பில் படித்திருந்தேன். ஏறத்தாழ 500 வரிகள்தான். பெண்ணைக் கொடுக்க ஒப்புக்கொண்டவர் அவளைப் பெற்ற, தேவர்களின் அரசன் சியூஸ். அம்மாவிடமும் ஒரு வார்த்தை இல்லை, மகளிடமும் இல்லை. டிமிட்டர் தீப்பந்தங்களோடு 9 நாள் அலைகிறாள், உண்ணவில்லை, குளிக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்திருந்த சூரியன் ஹீலியோஸ் கடைசியில் உண்மையைச் சொல்கிறான். சொன்ன கையோடு, மாப்பிள்ளை ஒன்றும் குறைந்தவனில்லை, உன் கூடப்பிறந்தவன்தானே என்று சமாதானமும் செய்கிறான். கல்யாண வீட்டில் இப்படிப் பேசும் பெரியவர்களை நமக்குத் தெரியாதா என்ன? அவள் சமாதானமாகவில்லை. விதை முளைக்காமல் செய்து, பலியும் காணிக்கையும் நின்றுபோகும் நிலைக்குத் தேவர்களைக் கொண்டுவந்து, மகளை மீட்கிறாள்.

நாவலில் சியூஸ் ஏதோ ஒரு விருந்தில் கோப்பையோடு வந்து நின்றுவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். அப்பா செய்ததற்கு அம்மா குற்றவாளி.

மாதுளையும் அப்படித்தான். பழைய பாடலில் ஹேடீஸ் அவள் கிளம்பும் நேரத்தில் ஒரே ஒரு முத்தைக் கள்ளத்தனமாகத் தின்னக் கொடுக்கிறான், அதைத் தின்றதால்தான் ஆண்டில் ஒரு பகுதி அவள் பாதாளத்துக்குத் திரும்ப வேண்டியதாகிறது. கட்டாயப்படுத்தினான் என்று அவளே அம்மாவிடம் சொல்கிறாள். நாவலில் அது மெழுகுவத்தி வெளிச்சத்தில் விரலால் ஊட்டும் காட்சி, எட்டுப் பக்கம். கதையை மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ரோமானியக் கவி ஓவிட்கூட மாற்றினார். அவர் எழுதியதில் அந்தப் பெண் தானே பறித்து 7 முத்துகளைத் தின்கிறாள். ஆனாலும் அவர் கதையிலும் அம்மா உலகமெல்லாம் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

புத்தகத்தைத் தோழி ஒருத்தி வாங்கிப்போனாள். "அந்த அம்மாவை நினைத்தாலே எரிச்சலாக வருகிறது" என்று நள்ளிரவில் செய்தி அனுப்பினாள். தீப்பந்தத்தோடு அலையும் வரிகளைத் தமிழில் எழுதி அனுப்பிவைத்தேன். படித்துவிட்டாள் என்று நீலக்குறி காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.