பிள்ளையிடம் ஜெர்மனில் கொஞ்ச வேண்டாம்

ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "பாப்பா கிட்டாவில் வாயே திறக்க மாட்டேங்குதாம். வீட்டிலும் ஜெர்மன் பேசணுமா?" (கிட்டா என்றால் அங்குள்ள குழந்தைகள் காப்பகம்.)

வேண்டாம். எங்களிடமும் ஒரு டீச்சர் அப்படிச் சொன்னார். இரண்டு வாரம் முயன்று பார்த்தேன். என் ஜெர்மனை வைத்து வாடகை பேசலாம், பிள்ளையைக் கொஞ்ச முடியாது.

இப்போது லீவில் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டில் கொங்குத் தமிழ், வேலிக்கு அந்தப் பக்கம் மலையாளம். தம்பி மகளுக்கு ஒன்றரை வயது. அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, "வாங்க சாமி, மம்மு சாப்பிடுங்க" என்கிறார். அந்த வயதுக்கு 'ங்க'! இப்போதே மரியாதை பழக வேண்டுமாம். பக்கத்து வீட்டுச் சேச்சி, "வாவே, மாமுண்டோ?" என்கிறார். அடம்பிடித்தால் இங்கே பூச்சாண்டி வருவான், அங்கே உம்மாக்கி. பிள்ளை இரண்டுக்கும் மிரள்கிறது, இரண்டு பேரிடமும் வாய் திறக்கிறது.

குரலை உயர்த்தி, இழுத்து, சின்னச் சின்னதாகப் பேசுவது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. 1989இல் உளவியல் ஆய்வாளர் ஆன் ஃபெர்னால்டு குழுவினர் ஃபிரெஞ்சு, இத்தாலியன், ஜெர்மன், ஜப்பானியம், பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலம் பேசும் பெற்றோரைப் பதிவு செய்து பார்த்தார்கள். அப்பாக்கள் உட்பட எல்லோரும் அதே இழுவைதான், அமெரிக்கர்கள் கொஞ்சம் அதிகம். பப்புவா நியூ கினியின் கலூலி மக்களோ மழலையில் பேசுவதே கூடாது என்பார்கள். அவர்கள் பிள்ளைகளும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆகவே உங்களுக்கு எது தானாக வருகிறதோ அதையே பேசுங்கள்.

ஜெர்மனியில் 21 முதல் 24 மாதத்துக்குள், பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கும் 'ஊ 7' (U7) என்ற மருத்துவப் பரிசோதனை வரும். எத்தனை வார்த்தை சொல்கிறது என்று டாக்டர் கேட்பார். நான் ஜெர்மன் வார்த்தைகளை மட்டும் எண்ணிச் சொல்லி அவர் முகத்தைச் சுருங்க வைத்தேன். மம்மு, தாச்சி, காக்கா எல்லாமே கணக்கில் சேரும். முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

அதில் ஒரு நகலைக் கிட்டாவிலும் கொடுத்துவிடுங்கள். எங்கள் மகள் "உச்சா, உச்சா" என்று கத்தியும் யாருக்கும் புரியாமல் பேன்ட் நனைந்த நாட்கள் உண்டு. கக்காவுக்குக் கவலையில்லை, ஜெர்மனிலும் அது கக்காதான்.

அப்புறம், "அம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டா" என்று சீண்டுவதை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே சுற்றி நாலு பேர் சிரிப்பார்கள், விளையாட்டு என்று பிள்ளைக்கும் தெரிந்துவிடும். அங்கே கிட்டா வாசலில் தினமும் நிஜமாகவே விட்டுவிட்டுத்தானே போகிறோம்.