ஒரு நீளம், இரண்டு குட்டை: கம்ப்யூட்டர் பீப் சத்தமும் எங்கள் அனுபவங்களும்

மஞ்சக்குப்பத்தான்:
2011 டிசம்பர் 30, தானே புயல். அதன் பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வந்த நேரம். மாமாவின் டிடிபி கடையில் பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது, உள்ளே நீளமாக ஒரு பீப், குட்டையாக இரண்டு. அவார்ட் கம்பெனியின் பயாஸ். ஆன் செய்ததும் உறுப்புகளைச் சோதித்து, கோளாறு இருந்தால் பீப் எண்ணிக்கையால் சொல்லும் புரோகிராம்தான் பயாஸ். எல்லாருக்கும் தெரிந்ததுதான், டிஸ்பிளே கோளாறு. வந்த சர்வீஸ்காரர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "மதர்போர்டு போச்சு அண்ணே, தண்ணி இறங்கியிருக்கு" என்றார். மாமா மேசை டிராயரைத் திறந்து பணம் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"போர்டு செத்துப்போயிருந்தா அந்தச் சத்தத்தை யாருங்க போடுறது?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. பிராசஸர் ஓடி, பயாஸ் சிப்பில் இருப்பதைப் படித்து, ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வந்தால்தானே டிஸ்பிளேயில் நின்று எண்ணிக்கை சொல்ல முடியும்? டிஸ்பிளே கார்டை உருவினேன். தங்க முனைகளில் பச்சைப் பாசி மாதிரி உப்பு. பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகியதும் குட்டையாக ஒரே ஒரு பீப், பிறகு திரையில் எழுத்து.

எனக்கு உறுத்துவது அதுவல்ல. அதே தெருவில் இன்னொரு கடைக்காரர் அதே ஆள் சொன்ன அதே வார்த்தையை நம்பிப் புதுப் போர்டு வாங்கிவிட்டார். அவர் மெஷின் என்ன சத்தம் போட்டது என்று யாருமே கேட்கவில்லை. பழைய போர்டு காயலான் கடைக்குப் போய்விட்டது.

லாஸ்பேட்டை வாசகி:
நான் கணக்கு எழுதும் ஆபீஸ் புதுச்சேரி காந்தி வீதிப் பக்கம். மார்ச் கடைசி, தலைக்கு மேல் வேலை. என் சிஸ்டத்தை ஆன் செய்ததும் பீப் பீப் என்று விடாமல் கத்தல். பக்கத்து சீட் தம்பி "ரேம்தான் அக்கா" என்று ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டான். ரேமை, அதாவது மெமரி அட்டையைக் கழற்றினான், மாற்றிச் செருகினான், கத்தல் நிற்கவில்லை. டீ கொண்டு வந்த பாட்டி கிளாஸ் வைக்க இடம் இல்லாமல் கீபோர்டு மேல் கிடந்த தடிமனான லெட்ஜரை ஒதுக்கினார்கள். சட்டென்று அமைதி. ஒரு கீ அமுங்கியபடியே இருந்திருக்கிறது. அந்த அமைதியும், கையில் ரேமோடு நின்ற தம்பியின் முகமும் இன்னும் நினைவில் இருக்கின்றன.

முதுநகர் ஹார்டுவேர்:
முதல் பதிவில் "எல்லாருக்கும் தெரிந்தது" என்று எழுதியிருப்பதை ஏற்க முடியாது. அந்த வார்த்தையால்தான் பணம் போகிறது. என்னிடம் ஒரு பெரியவர் புத்தம்புது பிராசஸர் டப்பாவோடு வந்தார். மெஷின் ஐந்து முறை பீப் அடிக்கிறதாம். மகன் ஏதோ பீப் பட்டியல் பார்த்து, ஐந்து என்றால் பிராசஸர் என்று வாங்கி அனுப்பியிருக்கிறார். ஏஎம்ஐ என்ற இன்னொரு கம்பெனி பயாஸின் பட்டியலில் அது சரி. ஆனால் இவருடையது டெல். டெல் கம்ப்யூட்டரில் ஐந்து என்றால் கடிகார பேட்டரி. சிஆர்2032, 3 வோல்ட் நாணய பேட்டரி, அவ்வளவுதான். மாற்றியதும் சத்தம் போய்விட்டது. அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் முதலில் பயாஸ் யாருடையது என்று பாருங்கள், பிறகு எண்ணுங்கள். டிஸ்பிளே கோளாறுக்கு அவார்டில் ஒரு நீளம் இரண்டு குட்டை, ஏஎம்ஐயில் ஒரு நீளம் எட்டு குட்டை. ஏஎம்ஐயில் ஒரு நீளம் மூன்று குட்டை வந்தால் ரேம். ஃபீனிக்ஸ் பயாஸில் பெரும்பாலும் நீளம் குட்டை இருக்காது, இடைவெளி விட்டு விட்டு 1-3-1-1 என்பதுபோலத் தொகுதி தொகுதியாக வரும். காதால் எண்ணினால் குழம்பும். போனில் பதிவு செய்து திரும்பத் திரும்பக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் போர்டின் மாடல் எண்ணைப் பார்த்து அதற்குரிய கையேட்டைத் தேடி எடுங்கள், பொதுப் பட்டியலை நம்பாதீர்கள். பிளக்கை உருவிவிட்டு மூடியைத் திறங்கள். அப்புறம், ரப்பர் வைத்துத் தேய்ப்பதை விடுங்கள். தங்கப் பூச்சு மிக மெல்லியது, தேய்ந்துபோகும். துகள் ஸ்லாட்டில் விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிடுவதுதான் முறை. நம் ஊர்க் கடல் காற்றுக்கு இதை அவ்வப்போது செய்தே ஆக வேண்டும்.

மஞ்சக்குப்பத்தான்:
பயாஸ் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் எண்ணிக்கையைச் சொன்னேன், தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். தானே அடித்த வாரத்தில் கடலூரில் பால் கிடைப்பதே பெரிய பாடு. ஆல்கஹாலுக்கு நான் எங்கே போவது?

அரியாங்குப்பம் குமார்:
சத்தமே வராத கதையும் உண்டு. அக்கா மகன் அசெம்பிள் செய்து வாங்கிய சிஸ்டம், முதல் நாளே திரை கருப்பு, ஒரு பீப்கூட இல்லை. கடையில் "வாரண்டிக்கு அனுப்பணும், நாளாகும் சார்" என்றார்கள். பையன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். இப்போதைய கேபினட் பலவற்றில் ஸ்பீக்கரே வைப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. பரணில் கிடந்த என் பழைய கேபினட்டிலிருந்து குட்டி ஸ்பீக்கரைப் பிடுங்கி, போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதியிருந்த நான்கு பின்னில் மாட்டினேன். ஆன் செய்ததும் நீள நீளமாக அழுதது. போர்டு ஓரத்தில் ரேம் கோளாறைக் காட்டும் டிராம் (DRAM) என்ற சின்ன விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. ரேமின் ஒரு பக்கக் கிளிப் பூட்டவே இல்லை. கட்டைவிரலால் அழுத்தினேன், டக் என்றது, சிஸ்டம் வந்துவிட்டது. "மாமா, இன்னொரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று பையன் அந்த ஒற்றை பீப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டான்.

கேபினட்டைக் காயலான் கடைக்குப் போடுகிறவர்கள் அந்த ஸ்பீக்கரை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.