நதி மைக்ரோபியல் ஜீனோமிக்ஸ்ல போஸ்ட்டாக்: வெட் லேப் ஆளு தாக்குப்பிடிக்க முடியுமா?

நொய்யல்கரை
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பிஎச்டி தீசிஸ் குடுத்தாச்சு, வைவா மட்டும் பாக்கி. என் வேலை முழுக்க வெட் லேப்தான், அதாவது கம்ப்யூட்டர்ல இல்லாம கையால பண்ற சோதனை: திருப்பூர் பக்கம் நொய்யல் ஆத்துத் தண்ணில இருந்து ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியாவ பிளேட்ல வளத்து, எந்தெந்த ஜீன் இருக்குன்னு பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்ட பெருக்கி காட்டற சோதனை) போட்டு பாக்குறது, கூடவே கொஞ்சம் 16எஸ் டேட்டா (ஒரே ஒரு ஜீன வச்சு எந்தெந்த பாக்டீரியா இருக்குன்னு பாக்குறது), அதையும் வெளில குடுத்துதான் சீக்வென்ஸ் பண்ணினேன். இப்ப அமெரிக்கால ஒரு லேப்ல நதி நுண்ணுயிர் சம்பந்தமா போஸ்ட்டாக்குக்கு (பிஎச்டி முடிச்சதும் பண்ற ஆராய்ச்சி வேலை) ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கேன், ரெண்டு வாரத்துல ஜூம்ல இன்டர்வியூ. விளம்பரத்துல மெட்டாஜீனோம் (ஒரு ஸாம்பிள்ல இருக்கற எல்லா உயிரோட டிஎன்ஏவும்), மெட்டாட்ரான்ஸ்கிரிப்டோம் (அதே மாதிரி ஆர்என்ஏ), பயோஜியோகெமிஸ்ட்ரின்னு (உயிர்களும் சுத்தி இருக்கற வேதிப்பொருளும் ஒண்ண ஒண்ணு மாத்தறது) அடுக்கி வச்சிருக்காங்க. லினக்ஸ்ல சும்மா ஃபோல்டர் மாத்துற அளவுக்குத்தான் எனக்கு தெரியும். அங்க போனா தினம் என்ன வேலை இருக்கும், இந்த ரெண்டு வாரத்துல எத படிச்சா உருப்படியா இருக்கும், யாராவது இந்த ஃபீல்டுல இருந்தா சொல்லுங்க.

ஓடைக்கல்
வாழ்த்துகள் சகோ. நான் இதே மாதிரி ஒரு லேப்ல மூணாவது வருஷம். வேலை என்னன்னா, ஆத்துத்தண்ணிய 0.22 மைக்ரான் ஃபில்டர்ல இறக்கி, அதுல சிக்கினதுல இருந்து டிஎன்ஏ எடுத்து, எல்லாத்தையும் கலந்தபடியே சீக்வென்ஸ் பண்ணி, துண்டு துண்டா வர்ற ரீட்ஸ மெகாஹிட் இல்லன்னா மெட்டாஸ்பேட்ஸ்ங்கற சாஃப்ட்வேர் வச்சு ஒட்டி (இதுதான் அசெம்பிளி), அப்புறம் பின்னிங் பண்ணி ஒவ்வொரு பாக்டீரியாவோட ஜீனோமையும் தனியா பிரிச்சு எடுக்கறது. அதைத்தான் மேக்னு சொல்வோம். 50 சதவீதத்துக்கு மேல முழுமை, 10 சதவீதத்துக்கு கீழ கலப்படம் இருந்தா நடுத்தரம். உயர்தரம்னா 90க்கு மேல, 5க்கு கீழ, அதோட ஆர்ஆர்என்ஏ ஜீன்களும் கிடைக்கணும். ஆத்துத்தண்ணில ஓரளவுக்கு வரும், ஆத்துப் படுகை மண்ணு எடுத்தீங்கன்னா கஷ்டம், அவ்வளவு வகை உயிர் இருக்கறதால அசெம்பிளி உடைஞ்சு உடைஞ்சு போகும், மண்ணுல மக்கினதுல இருந்து வர்ற ஹியூமிக் ஆசிட் வேற வந்து லைப்ரரிய (சீக்வென்சிங்குக்கு தயார் பண்ணின டிஎன்ஏவ) கெடுக்கும்.

கண்டிப்பா படிக்க வேண்டியது குரோ டேட்டாபேஸ் பேப்பர். கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டி குரூப் பண்ணது, 2024 கடைசில நேச்சர்ல வந்துச்சு. அமெரிக்கா பூரா ஆத்துத்தண்ணிய பல குழுக்கள் எடுத்து அனுப்ப, அதுல இருந்து 2,093 ஜீனோம் பிரிச்சு பொதுவுல வச்சிருக்காங்க. அந்த டேட்டா கேபேஸ்லயும் இருக்கு, அது பிரவுசர்லயே ஓடுற இலவச தளம், சர்வர் எல்லாம் வேணாம். ரெண்டு வாரத்துல எல்லாத்தையும் கத்துக்க பாக்காதீங்க, ஒரே ஒரு ஸாம்பிள எடுத்து குவாலிட்டி செக்ல இருந்து செக்எம் (ஜீனோம் எவ்வளவு முழுசு, எவ்வளவு கலப்படம்னு பாக்குறது), ஜிடிடிபி (அது எந்த பாக்டீரியான்னு வகைப்படுத்தறது) வரைக்கும் நீங்களே கொண்டு போங்க. நடுவுல எங்க சிக்குதுன்னு உங்களுக்கே தெரியும், இன்டர்வியூல அத பேசினாலே போதும்.

டெல்டாமகன்
ஓடைக்கல் சொன்னத மறுக்கல, ஆனா பைப்லைன (இந்த சாஃப்ட்வேர் எல்லாத்தையும் வரிசையா) ஓட்டறவங்க இன்னைக்கு நெறைய பேர் இருக்காங்க, ஆறு தெரிஞ்சவங்கதான் கம்மி. நான் ஐரோப்பால இருக்கேன், எங்க குரூப்ல வந்து திணறினவங்க யாரும் கோடிங் தெரியாம திணறல, கோடிங் ஆறு மாசத்துல வந்துரும். ஆறு ஓடிக்கிட்டே இருக்குங்கறத டேட்டாவ பாக்கும்போது மறந்துடறாங்க, சிக்கல் அங்கதான். ஒரே பாலத்துல நின்னு காலைலயும் சாயங்காலமும் எடுத்தா அது ஒரே தண்ணி இல்ல, மேல இருந்து வேற தண்ணி வந்திருச்சு. அதே தண்ணில என்ன மாறுச்சுன்னு தெரியணும்னா தண்ணியோட கூடவே கீழ போய் எடுக்கணும். அப்புறம் மழை. மழை பெஞ்ச அன்னைக்கு கரை மண்ணுல இருக்கற பாக்டீரியா எல்லாம் ஆத்துக்குள்ள வந்து விழும், சீக்வென்சிங் சதவீதக் கணக்குதானே, ஆத்துலயே வாழ்ற கூட்டம் குறைஞ்ச மாதிரி தெரியும், நிஜத்துல ஒண்ணு கூட செத்திருக்காது. அதனால செல் எண்ணிக்கையோ கியூபிசிஆரோ (ஒரு ஜீன் எத்தன பிரதி இருக்குன்னு எண்ற பிசிஆர்) கூட வைக்காம ஏறுச்சு இறங்குச்சுன்னு எழுதவே கூடாது. ஸாம்பிள் எடுத்த நேரம், ஃபில்டர் பண்ண தண்ணி எத்தன மில்லி, அன்னைக்கு ஆத்துல எவ்வளவு தண்ணி ஓடுச்சு, இந்த மூணும் இல்லாத டேட்டாவ வச்சு நதிய பத்தி எதுவும் பேச முடியாது.

ஐரோப்பால டான்யூப் ஆத்துல 2,600 கிலோமீட்டருக்கு பண்ணின ஆய்வு ஒண்ணு 2015ல வந்துச்சு, மேல் பகுதில இருந்து கீழ போகப்போக பாக்டீரியா வகைகள் குறையுதுன்னு காட்டினாங்க. ஏன்னா மேல சின்ன ஓடைகள்ல மண்ணுல இருந்தும் நிலத்தடி நீர்ல இருந்தும் வந்து சேர்றது அதிகம், கீழ போகப்போக தண்ணிலயே வாழத் தெரிஞ்சது மட்டும் மிஞ்சுது. இத மனசுல வச்சுக்கிட்டு உங்க நொய்யல பாருங்க. பாதி வருஷம் வறண்டு கிடக்கும், ஓடறதுல பெரும்பங்கு கழிவு, சாயப்பட்டறை உப்பு ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் போய் தேங்கி, 2011ல ஹைகோர்ட் பட்டறைகள மூடச் சொன்ன அளவுக்கு போச்சு. டான்யூப்ல பாத்த விதி இங்க நிக்குமா? இன்டர்வியூல இந்த கேள்விய நீங்களே எடுத்து வைங்க. இப்படி ஒரு ஆத்தங்கரையில வருஷக்கணக்கா நின்ன ஆளு அவங்க லேப்ல இருக்க மாட்டாங்க.

பாறைமீன்
ரெண்டு பேர் சொன்னதுக்கும் நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு. ஜீன் இருக்குன்னா அந்த வேலை நடக்குதுன்னு அர்த்தம் இல்ல. நான் மெர்க்குரி பக்கம் வேலை பண்றவ. மெர்க்குரிய இன்னும் விஷமான மீத்தைல்மெர்க்குரியா மாத்தற எச்ஜிசிஏ, எச்ஜிசிபி ஜீன்கள 2013ல கண்டுபிடிச்சாங்க, அமெரிக்கால ஓக் ரிட்ஜ் பக்கம் ஈஸ்ட் ஃபோர்க் பாப்லர் கிரீக்ங்கற ஓடைல பழைய அணு ஆயுத ஆலைல இருந்து மெர்க்குரி கலந்ததால அங்க இத பல வருஷமா பாக்குறாங்க. அந்த ஜீன் எவ்வளவு இருக்குன்னு எண்ணினா எவ்வளவு மீத்தைல்மெர்க்குரி உருவாகும்னு அப்படியே சொல்லிட முடியாது, மெர்க்குரி எந்த வடிவத்துல இருக்கு, ஆக்சிஜன், சல்ஃபேட் எல்லாம் பாக்கணும். அதனாலதான் விளம்பரத்துல பயோஜியோகெமிஸ்ட்ரின்னு போட்டிருக்காங்க. அந்த மாற்றம் நடக்கற வேகத்த அளக்கறது உங்கள மாதிரி வெட் லேப் ஆளு வேலை, தயவு செஞ்சு அத குறைவா நினைக்காதீங்க. ஆர்என்ஏ எடுக்கறதா இருந்தா ஆத்தங்கரையிலயே நிமிஷக் கணக்குல ஃபிக்ஸ் பண்ணிடணும் (மேல மாறாம நிறுத்திடணும்), ஐஸ் பெட்டில வச்சு சாயங்காலம் லேபுக்கு கொண்டு போனா அந்த ஆர்என்ஏ சொல்றது பெட்டிக்குள்ள நடந்த கதைய.

உங்க தீசிஸ்ல இருந்து கண்டிப்பா ஒரு கேள்வி வரும், இப்பவே தயாராகுங்க: நீங்க பாத்த ரெசிஸ்டன்ஸ் ஜீன் (ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காம செய்யற ஜீன்) ஆத்துக்குள்ள தேர்வாகி பெருகினதா, இல்ல சாக்கடையோட சும்மா வந்து சேந்ததா? 2019ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்ல ஒரு பேப்பர், மனுஷக் குடல்ல இருக்கற கிராஸ்ஃபேஜ்ங்கற வைரஸ அடையாளமா வச்சு பாத்தாங்க, பெரும்பாலான இடத்துல ரெசிஸ்டன்ஸ் ஜீன் ஏறுறதும் மலக்கலப்பு ஏறுறதும் ஒண்ணாவே போகுது, அதுல அடங்காம தனியா நின்னது மருந்து ஆலைக் கழிவு சேர்ற ஆத்துப்படுகை. ஹைதராபாத் பக்கம் பட்டன்செருல கழிவுநீர்ல லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் சிப்ரோஃப்ளாக்ஸசின் இருந்ததா 2007ல வந்துச்சு இல்லையா, அந்த மாதிரி இடங்கள். உங்க சேமிச்ச டிஎன்ஏ மிச்சம் இருந்தா கிராஸ்ஃபேஜுக்கு ஒரு கியூபிசிஆர் போட்டு பாத்துடுங்க.

நொய்யல்கரை
ரொம்ப நன்றிங்க மூணு பேருக்கும். பாறைமீன் அக்கா, டிஎன்ஏ மைனஸ் எண்பதுல இருக்கு, வைவாவுக்கு முன்னாடியே போட்டுடறேன், அந்த கேள்விய என் கமிட்டில யாருமே கேக்கல. டெல்டாமகன் அண்ணா, நீரோட்ட அளவு நான் எடுக்கல, ஆனா தேதியும் நேரமும் எல்லாத்துக்கும் இருக்கு, பொதுப்பணித்துறைகிட்ட கேட்டா கிடைக்குமா? அப்புறம் கான்ட்ராக்ட் முதல்ல ஒரு வருஷம்தானாம், பாத்து நீட்டிப்பாங்களாம், குடும்பத்தோட போறதுக்கு பயமா இருக்கு.

டெல்டாமகன்
கேளுங்க, அணைக்கட்டு பக்கம் பதிவேடு வச்சிருப்பாங்க, லெட்டர் உங்க கைடு பேர்ல போகட்டும். அந்த நாள் மழை அளவையும் சேத்து வாங்குங்க.

ஓடைக்கல்
ஒரு வருஷம்னு போடறது இங்க வழக்கம்தான், ஆனா பணம் எந்த கிராண்ட்ல இருந்து வருது, அது எப்ப முடியுதுன்னு நேரடியா கேளுங்க, கேக்கறது தப்பே இல்ல. விசா பெரும்பாலும் ஜே-1 (பரிமாற்றத் திட்ட விசா) குடுப்பாங்க. முடிஞ்சதும் ரெண்டு வருஷம் ஊர்ல இருந்தாகணும்ங்கற நிபந்தனைக்கான திறன் பட்டியல்ல இருந்து 2024 டிசம்பர்ல இந்தியாவ எடுத்துட்டாங்க, ஆனா அரசாங்கப் பணத்துல போனா அந்த நிபந்தனை வரலாம், அதனால டிஎஸ்-2019 ஃபார்ம் (ஜே-1க்கு வேண்டிய படிவம்) வந்ததும் நிதி யாருதுன்னு போட்டிருக்கற இடத்த பாத்துட்டு கையெழுத்து போடுங்க. கேபேஸ்ல அந்த ஒரு ஸாம்பிள ஓட்டும்போது எரர் வந்தா இங்கயே போடுங்க, பாத்து சொல்றேன்.