'ஹீட் ஷீல்டு': அனல்மறையா, அனல்தட்டியா?

வணக்கம் ஐயா,

தள்ளிக்கொண்டு போகும், கேஸ் அடுப்பு பொருத்திய மர வண்டிக்கு நீங்கள் எழுதிவரும் செய்முறையில் 'ஹீட் ஷீல்டு' (அடுப்புக்கும் மரப்பலகைக்கும் நடுவே நிற்கும் தகடு) வரும் இடத்தில் 'வெப்பத்தடுப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். அது வேண்டாம். அந்தச் சொல் 'இன்சுலேஷனு'க்கு, அதாவது சூடு கடத்தாத பொருளை ஒட்டிப் போர்த்துவதற்கு, புழங்கிவிட்டது. அதைப் படிக்கும் ஆசாரி தகட்டை நேரே பலகையில் வைத்து அடித்துவிடுவார். தகடு வாங்கும் சூடு அப்படியே மரத்துக்குப் போகும். பலகை முதலில் பழுப்பேறும், பிறகு கருகும். நாள்பட்டுக் காய்ந்த மரம் குறைந்த சூட்டிலேயே கருகும் என்பதுதான் ஆபத்து.

மரத்தைக் காப்பது தகடு பாதி, அதன் பின்னால் ஓடும் காற்று பாதி. 1 மி.மீ. எவர்சில்வர் தகடு பலகையிலிருந்து 25 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். அந்த நீளத்துக்கு அறுத்த குழாய்த் துண்டுகளைத் திருகில் கோத்து நான்கு மூலையிலும் முடுக்கினால் போதும். பர்னருக்கு நேர் பின்னால் திருகு வரக் கூடாது. அதன் வழியே சூடு மரத்துக்குள் இறங்கும். மேலும் கீழும் திறந்தே இருக்கட்டும். அழகுக்காகச் சட்டம் போட்டு நாலு பக்கமும் மூடினால் அந்த இடுக்கே அடுப்பாகிவிடும்.

"சூடு ஏறுது" என்பதும் "அனல் அடிக்குது" என்பதும் நமக்கு ஒன்றல்ல. தொடாமலே முகத்தில் அறைவது அனல். இந்தத் தகடு தடுப்பது அதைத்தான். 'அனல்மறை' என்று வைக்கலாமா?

புதுச்சேரியிலிருந்து

*

வணக்கம் தம்பி,

'அனல்' மிகச் சரி. அதை எடுத்துக்கொள்கிறேன். 'மறை' மட்டும் வேண்டாம். பட்டறையில் 'மரை' என்றால் திருகின் புரி. எழுத்தில் றகரம் காப்பாற்றும். வாயால் சொன்னால் கடலூர் முதுநகர்ப் பட்டறையில் எது என்று தெரியாது. அதிலும் திருகு பற்றிச் சொல்லும் பத்தியிலேயே இது வருகிறது.

'அனல்தட்டி' என்போம். மூங்கில் தட்டி, கீற்றுத் தட்டி எல்லாருக்கும் தெரியும். தட்டி சுவரோடு ஒட்டாது. தள்ளி நிற்கும், சந்தில் காற்றுப் போகும். நீங்கள் சொல்லும் 25 மி.மீ. சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கீற்று எரியுமே என்பார்கள். கம்பித் தட்டியும் இருக்கிறதே. உயரம் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டட்டும். கடற்காற்றில் சுடர் பின்னால் சாயும்.

அடுப்புக்கு அடியில் படுக்க வைப்பதற்கு இந்தச் சொல் பொருந்தாது. தட்டி என்றால் நிற்பது. அங்கே போடும் 12 மி.மீ. சிமென்ட் போர்டை 'அனல்தாங்கி' என்று தனியே குறிக்கிறேன். சிலிண்டர் பக்கமும் ஒரு தட்டி வேண்டும். சிலிண்டர் அறையின் அடிப்பலகையில் துளைகள் கட்டாயம்: சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும்.

பொருள் பட்டியலில் வெறும் 'எவர்சில்வர்' போதாது. 202 ரகம் நம் உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்புள்ளி வைக்கும். 304 என்று எண்ணோடு எழுதுகிறேன், திருகுக்கும் சேர்த்து. ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) ஆகாது, 200 டிகிரி செல்சியசுக்கு மேல் தொடர்ந்து காய்ந்தால் துத்தநாகப் பூச்சு உரியும். பளபளப்பான பக்கம் அடுப்பைப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்து மங்கிய தகடு அனலைத் திருப்பாது, தானே குடிக்கும். ஆகவே கடைசி வரி: "ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் அனல்தட்டியைத் துடைக்கவும்." வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், சொல் எங்காவது இடறுகிறதா?