வெளிநாட்டுக்குப் படிப்பிக்கப் போன ஆக்கள் உங்கட விசாக் கதையச் சொல்லுங்கோ

கோண்டாவில் ரீச்சர்:
சரி நானே தொடங்கிறன். மாலைதீவுக்கு இங்கிலிஸ் படிப்பிக்கப் போனனான். இன்ரவியூ தான் கஷ்டம் எண்டு எல்லாரும் வெருட்டினவை, அது சூமில இருபது நிமிசத்தில முடிஞ்சுது, என்னை ஒன்றரை மாசம் அலைய விட்டது ஒரே ஒரு எழுத்து. பாஸ்போட்டில என்ர பேர் ரீ எச் (Th) எண்டு தொடங்குது, டிகிரி சேர்ட்டிபிக்கேற்றில டீ எச் (Dh), தமிழில இருக்கிற பேர்த் சேர்ட்டிபிக்கேற்றை மொழிபெயர்த்தவர் மூண்டாவதா வெறும் ரீ (T) மட்டும் போட்டு விட்டிருக்கிறார். எங்களுக்கு எல்லாம் ஒரே 'த' தானே, அங்க பேப்பர் பாக்கிறவைக்கு நாங்கள் மூண்டு பொம்பிளையள். பிறகு ஜேபியிட்ட, அதுதான் சமாதான நீதவானிட்டப் போய் எல்லாம் ஒராள் தான் எண்டு சத்தியக்கடதாசி முடிச்சு, மொழிபெயர்ப்பைத் திருப்பிச் செய்விச்சு, யாழ்ப்பாணக் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) இருக்கிற, வெளிநாட்டுக்குக் குடுக்கிற பேப்பரை உறுதிப்படுத்திற கொன்சியூலர் ஒபிசில சீல் குத்தி அனுப்பினன். முந்தியெண்டா அந்த சீலுக்கு இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கு ஓடவேணும்.

மானிப்பாய்க்காரன்:
ரீச்சர் உங்களுக்கு எழுத்து, எனக்கு ஆளே மாறிப்போச்சு. தாய்லாந்தில ஒபிசில எல்லாரும் சேர்நேமைப் பாத்து அப்பான்ர பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டவை, ரெண்டு வருசமும் அப்பர் தான் அங்க படிப்பிச்சவர் 😂
அங்க வேலைக்கு வாற ஆக்களுக்குக் குடுக்கிற நொன்-பீ விசாவில இறங்கினாலும் வேர்க் பேமிற் தனிய எடுக்கவேணும், ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சுப்போடாதேங்கோ. எங்கட பாஸ்போட் எண்டபடியா டிகிரியோட டோயிக் எண்ட இங்கிலிஸ் சோதினையில 600 புள்ளி காட்டச் சொன்னவை. மெடிக்கல் போமில காசம், குஷ்டம், யானைக்கால் எல்லாம் இல்லை எண்டு டொக்டர் எழுதவேணும், அந்த மனுசன் என்ர காற்சட்டைய முழங்கால் மட்டும் உயத்தச் சொல்லி காலை ஒருக்கா பாத்துப்போட்டு கையெழுத்து வச்சார், அவ்வளவு தான் மெடிக்கல்.

பருத்தித்துறை அக்கா:
நான் போகேல்ல, போக வெளிக்கிட்டு நிண்ட கதை. ஒரு ஏஜென்சிக்காரர் "மாலைதீவுக்கு விசாவே தேவையில்லை அக்கா, இறங்கின உடன 30 நாள் குத்துவாங்கள், போய் மாத்தலாம்" எண்டார். 30 நாள் குத்திறது உண்மை தான், ஆனா அது சுத்திப் பாக்க வாற ஆக்களுக்கு, அதில வகுப்புக்குள்ள போய் நிண்டா பிடிச்சு அனுப்புவாங்கள். அங்க படிப்பிக்கிற என்ர மச்சாள் தான் கேட்டவ, பள்ளிக்கூடம் உன்ர பேரில எடுத்த அனுமதிப் பேப்பர் எங்க எண்டு. அவரிட்டக் கேட்டா வரும் வரும் எண்டார், வரேல்ல. அந்தப் பேப்பர் இல்லாம இஞ்ச வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதியவும் ஏலாது, பதியாமப் போனா கட்டுநாயக்கா எயாப்போட்டில திருப்பி விட்டுடுவாங்கள். குடுத்த காசில பாதி தான் திரும்பி வந்தது, அந்த ஆளைப் பற்றிக் கதைச்சா எனக்கு பிரசர் ஏறும், விடுங்கோ.

புதுசா வந்த தம்பி:
அண்ணை கொரியா, லண்டன் சரிவராதோ? எனக்கு இங்கிலிஸ் ஸ்பெஷல் டிகிரி இருக்கு.

மானிப்பாய்க்காரன்:
தம்பி கொரியாவில இங்கிலிஸ் இன்ஸ்ரிரியூட்டுக்குக் குடுக்கிற ஈ-2 விசா அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா பாஸ்போட்டுக்குத் தான். நீ என்ன தான் விழுந்து விழுந்து படிச்சிருந்தாலும் பாஸ்போட்டின்ர நிறத்தைத் தான் பாப்பாங்கள். இங்கிலாந்து 2023 இல கியூரிஎஸ் (QTS) எண்ட ரீச்சர் தகுதிக்கு புதுசா 9 இடத்து ரீச்சர்மாரைச் சேத்தது, இந்தியா இருக்கு, சிம்பாப்வே இருக்கு, நாங்கள் இல்லை.

கோண்டாவில் ரீச்சர்:
தம்பி கவுண்மென்ற் ரீச்சரெண்டா வேலைய விட்டுட்டுப் போயிடாதேங்கோ, 2022 இல 5 வருசம் வரை சம்பளமில்லாத லீவில வெளிநாடு போகலாமெண்டு சுற்றறிக்கை வந்தது, வலயக் கல்விப் பணிமனையில போய் விசாரியுங்கோ. அதுக்கு முதல் எல்லாச் சேர்ட்டிபிக்கேற்றையும் மேசையில பரப்பி பேரை எழுத்தெழுத்தா ஒத்துப் பாருங்கோ.

புதுசா வந்த தம்பி:
இப்ப தான் அலுமாரிக்குள்ளயிருந்து எடுத்துப் பாத்தன் ரீச்சர். என்ர பேருக்கு பாஸ்போட்டில வீ (V), டிகிரியில டபிள்யூ (W). அந்த ஜேபி சனிக்கிழமையில வீட்டில நிப்பாரோ?