தழைமாடம்: மர உச்சிப் பூச்சிகளுக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

உயர்ந்த காட்டு மரங்களின் தலைப்பகுதியிலேயே பிறந்து, வளர்ந்து, மடியும் பூச்சிகளுக்கு (ஆங்கிலத்தில் canopy insects) ‘முகட்டுப்பூச்சி’ என்ற பெயர் முன்மொழியப்பட்டுள்ளது. ஓசை நயமுள்ள சொல்தான்; ஆனால் மூட்டைப்பூச்சியை முகட்டுப்பூச்சி என்று வழங்கும் பழைய வழக்கு இருப்பதால் அதனை ஏற்க இயலவில்லை. ‘விதானப்பூச்சி’ என்பதில் அந்த இடர் இல்லை. எனினும் விதானம் என்றதும் மனக்கண்ணில் எழுவது கோயில் மண்டபத்தில் தலைக்குமேல் விரித்துக் கட்டிய துணியே. கீழே நிற்பவரின் பார்வையில் பிறந்த சொல் அது.

பூச்சிக்கோ அது கூரையன்று, குடியிருப்பு. இலங்கையின் சிங்கராஜ வனத்தில் 40 மீற்றர் உயரத்தை எட்டும் மரங்களின் மேற்பகுதி பல மீற்றர் தடிப்புள்ளது: உச்சித் தளிர்களில் வெயிலும் காற்றும், உட்கிளைகளில் நிழலும் ஈரமும், கிளைக் கவட்டில் பன்னங்களின் வேரடியில் சேர்ந்த மட்கும் உண்டு. 1982இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் டெரி எர்வின், பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களுக்கு, கொழும்பில் டெங்கு நுளம்புக்கு விசிறுவதைப் போலப் பூச்சிகொல்லிப் புகை விசிறிச் சேர்த்தவற்றைக் கொண்டு, அம்மரங்களில் மட்டும் ஏறத்தாழ 1,200 வண்டினங்கள் இருப்பதாகக் கணித்தார். அதிலிருந்து அவர் வருவித்த 30 மில்லியன் வெப்பமண்டலக் கணுக்காலி (பூச்சி, சிலந்தி முதலியன) இனங்கள் என்ற மதிப்பீட்டைப் பிற்கால ஆய்வாளர்கள் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஆயினும் மர உச்சி நெருங்கிய குடியிருப்பு என்பது நிலைபெற்றுவிட்டது.

ஆகவே ‘தழைமாடம்’ என்பதை முன்வைக்கிறேன். புறாமாடம் என்ற சொல்லில் உள்ளதுபோல, உயரம், உறைவிடம் ஆகிய இரண்டும் மாடத்தில் அடங்கும். அங்கேயே வாழ்பவை தழைமாடப் பூச்சிகள். பூவுக்கோ இரைக்கோ வந்துபோகின்றவை தழைமாடம் நாடும் பூச்சிகள். வெள்ளவத்தையில் எங்கள் வளவு மாமரத்தில் முசுறு எறும்புகள், தம் புழுக்கள் சுரக்கும் இழையால் பச்சை இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டுவதைக் காணும்போதெல்லாம் இச்சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

canopy என்ற ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு விதானம், தழைமாடம் என இரண்டு தமிழ்ச் சொற்களா என்ற மறுப்பு எழக்கூடும். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு கருத்துகள் இருக்கின்றன என்பதே என் விடை. நிலத்தை இலைகள் எத்தனை விழுக்காடு மூடியுள்ளன என்று அளக்குமிடத்தில் விதானம் நீடிக்கட்டும். வாழிடத்தைப் பேசுமிடத்தில் தழைமாடம் வரட்டும்.

தழை என்பது வெட்டிய பசுந்தழையை மட்டுமே நினைவூட்டுவதாகக் கருதுவோர் ‘மரமாடம்’ என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அது பலகையால் அமைத்த மாடியாகப் பொருள்படும் என்பதே என் தயக்கம்.